ஒற்றைக் குழாய்

திருத்தணி மலையில் சூரசம்ஹாரம் நடக்காது. மற்ற ஊர்க் கோயில்களில் சூரனை வெட்டுகிற நாளில் இங்கே முருகனுக்குப் பூவைக் கொட்டுவார்கள். இந்த மலைக்கு வந்த பிறகுதான் அவருக்குக் கோபம் தணிந்ததாம். அவருக்குத் தணியாமல் என்ன? சூரனை முடித்துவிட்டுத்தானே வந்தார். என்னுடைய சூரன் எங்கள் தெரு முனையில் மாடி வீடு கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

கஜபதி என்று பேர். கான்ட்ராக்ட் எடுக்கிறவன். வீட்டுக்கு வீடு புகையில்லா அடுப்பு போட்டுத் தரும் அரசாங்கத் திட்டம் வந்தபோது, எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு அடுப்பு போடும் பொறுப்பை அவன் வாங்கிக்கொண்டான். களிமண்ணும் உமியும் பிசைந்து செய்கிற இரட்டை வாய் அடுப்பு. பின்னால் சிமெண்டுக் குழாய். புகையெல்லாம் குழாய் வழியாக வெளியே போய்விடும், பாதி விறகு மிச்சமாகும், கண் எரியாது என்று தெருவில் மைக் கட்டிச் சொன்னார்கள்.

முதலில் கேட்டு வாங்கியவள் நான்தான். எங்களுக்கு ஒரே அறை, ஓலைக் கூரை. ஒரு பக்கம் தறிக்குழி, ஒரு பக்கம் அடுப்பு. என் புருஷன் மணவாளன் நெய்வது வெள்ளை வேட்டி. நான் பிறந்த பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்வார்கள், புகை பட்டாலும் கலரில் தெரியாது. வெள்ளை நூல் அப்படியா? நாலு வேளை சமைத்தால் பழுப்பேறிவிடும். அடுப்பு மூட்டும்போதெல்லாம் தறியின் மேல் பழைய புடவையைப் போர்த்திவிட்டு, இருமிக்கொண்டே சமைப்பேன்.

கஜபதி ஆட்களோடு வந்து அடுப்பைப் போட்டான். வைத்தது ஒரே ஒரு குழாய். அதன் வாய் ஓலைக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"இன்னாங்க, கொழாய் கூரைக்குள்ளயே நிக்குதே," என்றேன்.

"ஒண்ணு போதும். பொக தானா வழி தேடிப் போய்டும். நீ சோறாக்குற வேலயப் பாரு," என்றான்.

பங்குனியில் ஒரு காலை, தறியில் ஏற்ற வேண்டிய நீள நூலை, பாவை, தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். அதற்கு ஒரு வீட்டு ஆட்கள் போதாது, தெருவே வந்து கை கொடுக்கும். கஞ்சி காய்வதற்குள் இழையெல்லாம் பிரிந்தாக வேண்டும் என்பதால் நடுவில் யாரும் விலக முடியாது. உலையை ஏற்றிவிட்டு வந்து பாவில் நிற்பது எல்லா வீட்டுப் பெண்களுக்கும் வழக்கம். நானும் அப்படித்தான் நின்றேன். குழாயிலிருந்து பறந்த பொறி ஓலையைப் பிடித்துக்கொண்டது. யாரோ கத்தித் திரும்பிப் பார்த்தபோது கூரை முழுக்க நெருப்பு. தறி போயிற்று, தட்டுமுட்டுச் சாமான் போயிற்று. தெருவில் நீட்டியிருந்த பாவு மட்டும் மிஞ்சியது. அதை ஏற்றத் தறி இல்லை.

சாம்பல் ஆறுவதற்குள் கஜபதி வந்துவிட்டான்.

"அடுப்ப மூட்டி வுட்டுட்டு தெருவுல நின்னுகினு இருந்தா எரியாம இன்னா செய்யும்? பொம்பளைக்கு கவனம் வேணாம்?" என்றான்.

குழாய் குட்டை, குழாய் குட்டை என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? மாடி வீட்டுக்காரன் சொன்னதுதான் தெருவுக்குப் பிடித்தது. மாமியார் கோவிந்தம்மாள் அன்றிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'வூட்ட கொளுத்துனவ' என்றுதான் கூப்பிட்டாள். என் புருஷன் கூலிக்கு நெய்ய வேறு வீட்டுத் தறிக்குப் போகும்போதும் வரும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் நம்பிவிட்டான் என்று தெரிந்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. வீடு எரிந்ததுகூட அப்படி எரியவில்லை.

அன்றே முடிவு செய்தேன். குழாய் குட்டை என்று கஜபதி தன் வாயால், இதே தெரு கேட்கச் சொல்ல வேண்டும். அவன் வீடோ வாசலோ எனக்கு வேண்டாம். அந்த வார்த்தை வேண்டும்.

அந்தச் சமயத்தில் அடுப்பு போடப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தேன். குழாய் கூரையைத் தாண்டி மேலே நிற்க வேண்டும், ஓலை வீடானால் ஓட்டையைச் சுற்றித் தகரம் அடிக்க வேண்டும், அதற்காகத்தான் வீட்டுக்கு மூன்று குழாய் கொடுக்கிறோம் என்றார்கள். மூன்று குழாயாம்! மிச்சக் குழாய்களை நான் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. கஜபதியின் மாடியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்குவதற்கு நாலு பக்கச் சுவரிலும் அவைதான் வரிசையாக நின்றன. தினமும் பார்த்த குழாய்கள். பார்த்தும் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

அவனிடமே போய் வேலை கேட்டேன். கொடுத்தான். "வூடு எரிஞ்சவளுக்கு நான்தான் வேல குடுத்தேன்" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லிப் பூரித்தான். "ஆங், உங்க புண்ணியம்ங்க" என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். எனக்கு மண் பிசைகிற வேலை. குழாய் வைப்பது அவன் ஆட்கள். அவர்கள் போன பிறகு ஓலை வீட்டுப் பெண்களிடம் மட்டும், "கொழாய் நீளமாகுற வரைக்கும் இதுல நெருப்பு வெக்காத" என்று சொல்லிவிட்டு வருவேன். காரணம் கேட்டவர்களுக்கு எரிந்த என் வீட்டைக் கை காட்டினேன்.

ஆடி பிறந்தது. கிருத்திகைக் காவடிகள் வருவதற்கு முன், அடுப்புகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து வரலட்சுமி என்று ஒரு ஆபீசரம்மா வருவதாகச் செய்தி வந்தது. எந்த வீட்டைக் காட்டுவது? கஜபதிக்குத் தன் வீட்டைக் காட்டி, கையோடு விருந்தும் போட்டு அனுப்ப ஆசை. ஆனால் அவன் வீட்டிலேயே புகையில்லா அடுப்பு கிடையாது. மாடி வீட்டுச் சுவர் கறுக்கக் கூடாது என்று சமையலைப் பின்பக்க ஓலைக் கொட்டகைக்குத் தள்ளியிருந்தான். அங்கே அவன் பெண்டாட்டி சுலோச்சனா பழைய அடுப்போடு, சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பாள்.

"பாக்க லட்சணமா ஒண்ணு போட்டு வை அம்சா," என்றான். "அவங்க வர்றதுக்கு முந்தின நாள் போட்டா போதும். ஈர அடுப்ப யாரும் பத்த வெக்க சொல்ல மாட்டாங்க. ஒரு பார்வ பாத்துட்டு கூடத்துல சாப்ட்டுட்டு போய்டுவாங்க."

"கொழாய்?"

"ஒண்ணு போதும்."

அதே வார்த்தை. எனக்குக் காது குளிர்ந்தது.

அவன் அரக்கோணத்தில் வேறு வேலையாக அலைந்துகொண்டிருந்தான். அவன் சொன்ன நாளுக்கு வெகு முன்பே அடுப்பைப் போட்டு முடித்தேன். பொறி பறக்காதபடி உமித் தணலை மட்டும் உள்ளே வைத்து, மெல்ல மெல்லக் காய வைத்தேன். எனக்கு ஒத்தாசையாகத் தணல் மாற்றிக்கொண்டிருந்த சுலோச்சனா மேலே நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல நெருப்பு வெச்சா நெசமாவே கூரை புடிச்சிக்குமா?"

"எங்க வூடு புடிச்சிக்கலயா?"

தணலை இன்னொரு தரம் கிளறினாள். தடுப்பாளோ என்று எனக்குப் பயம்.

"நான் இங்க இருமிகினு கெடக்குறேன்," என்றாள். "ஒரு நாளாவது இந்தக் கொட்டகைக்குள்ள வந்து குந்தினு பாத்திருக்காரா அவரு? வரட்டும். அவரே பத்த வெக்கட்டும்."

முந்தின நாள் அடுப்பின் மேல் ஈரக் களிமண்ணை மெல்லிசாகப் பூசி வைத்தேன். கஜபதி வந்து விரலால் தொட்டான். "ஈரமா கீது. நல்லது," என்று போய்விட்டான். அந்தப் பூச்சு விடிவதற்குள் காய்ந்துவிட்டது.

ஆபீசரம்மா வந்தபோது தெருவே கொட்டகையைச் சுற்றி நின்றது. என் மாமியார் முன்னாலேயே இடம் பிடித்திருந்தாள். கூட்டத்தின் பின்னால் என் புருஷனும் நின்றான். ஆடிக் காற்று ஓலையைச் சலசலவென்று அடித்துக்கொண்டிருந்தது. கொட்டகைக் கூரை மாடி வீட்டுத் தேக்கு ஜன்னலை ஒட்டியே இருந்தது.

"ஈரமா இருக்கும்மா, இன்னொரு நாள் பத்த வெச்சுக்கலாம்," என்று கஜபதி ஆரம்பித்தான்.

ஆபீசரம்மா குனிந்து அடுப்பைத் தட்டினார். சுட்ட பானை மாதிரி கணீரென்றது. "நல்லாத்தானே காஞ்சிருக்கு," என்றார்.

கஜபதி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

புது அடுப்பு என்றால் முதலில் பால் பொங்க வேண்டும், எங்கள் பக்கத்தில் அதை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். சுலோச்சனா மஞ்சள் குங்குமம் வைத்த பால் சொம்பும் தீப்பெட்டியுமாக வந்து நின்றாள்.

"அடுப்பு போட்டுக் குடுத்தவங்க கையாலயே பத்த வெக்கட்டும்ங்க," என்றேன். "ஊருக்கெல்லாம் போட்டவரு அவருதான்."

"சரிதானே, வாங்க," என்றார் ஆபீசரம்மா.

வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு அவன் குந்தினான். குச்சியைக் கிழித்தான். அணைந்தது. இன்னொன்று கிழித்தான். அதை அடுப்புக்குள் விடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து மேலே பார்த்தான். எத்தனையோ வீடுகளில் அடுப்பு போட்டவன், அன்றைக்குத்தான் குழாயின் வாயைப் பார்த்தான். குச்சி விரலைச் சுட்டு விழுந்தது.

"காத்து அடிக்குது. வேணாம்," என்றான்.

"காத்து அடிச்சா இன்னாங்க? பொகதான் தானா வழி தேடிப் போய்டுமே," என்றேன்.

"குடுங்க, நான் வெக்கிறேன். பாலு ஆறிடப் போவுது," என்று சுலோச்சனா தீப்பெட்டியைப் பிடுங்கினாள். கிழித்த குச்சியைச் சுள்ளிக்கிட்டே கொண்டுபோனாள். அவன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"வெக்காதடீ. கொழாய் குட்ட. கூரை புடிச்சிக்கும்."

எவ்வளவு நாளாகக் காத்திருந்த வார்த்தை அது! எனக்கு ஒரு தரம் கேட்டுப் போதவில்லை.

"சத்தமா சொல்லுங்க. எங்க அத்தைக்கு காது மந்தம்," என்றேன்.

கோவிந்தம்மாளுக்குக் காது மந்தம் இல்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டுக் குழாயும் இதே நீளம்தான் என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். எங்க வீட்டிலும், எங்க வீட்டிலும் என்று குரல்கள் எழும்பின.

"வீட்டுக்கு மூணு குழாய் குடுத்தோமே, மிச்சம் எங்கே?" என்று ஆபீசரம்மா கேட்டார்.

மாடிச் சுவரைக் கை காட்டினேன். அவர் சாப்பிடாமலே ஜீப்பில் ஏறிப் போனார். பாயசம் கூடத்தில் ஆடை கட்டிக்கொண்டிருக்க, பெண்கள் ஏணி கொண்டுவந்து குழாய்களைப் பிடுங்கினார்கள். கஜபதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், பல் குத்தவில்லை. அந்த வாரமே மழை வந்து அவன் வெள்ளைச் சுவரில் நாலு பக்கமும் செம்மண் கோடு இறங்கியது. அடுப்பு வேலையும் அவன் கையை விட்டுப் போயிற்று. நான் சந்தோஷப்பட்டேன். வெட்கப்படாமல் சந்தோஷப்பட்டேன். முதல் இரண்டு குழாயைச் சுலோச்சனாவின் கொட்டகையில் தூக்கி நிறுத்தி, தகரம் அடித்து, பாலையும் பொங்க வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஆபீசரம்மா வந்துபோன அன்று சாயந்திரமே என் புருஷன் வேலையிலிருந்து நேராக என்னிடம் வந்து நின்றான். பங்குனிக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"நீ அன்னைக்கே சொன்ன அம்சா," என்றான்.

"சொன்னேன். கத்திகினு சொன்னேன். அவன் சொன்னாத்தான உனக்கு காதுல வுழுது."

எரிந்த வீட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் ஒண்டியிருந்த குடிசைக்குள் என் மாமியார் பாத்திரத்தை உருட்டினாள். பிறகு, நாலு மாதத்துக்கு அப்புறம், "அம்சா, சோறு போட்டுகினு சாப்டும்மா," என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

"கிருத்திகைக்கு மலைக்குப் போய் வரலாமா?" என்று அவன் மெல்லக் கேட்டான். "நீயும் நானும். எல்லாத்தையும் அங்க வுட்டுட்டு வரலாம்."

மலை மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோபம் தணிந்தவர் அங்கே சௌக்கியமாக இருக்கிறார்.

"கஜபதி கணக்குதான் இன்னைக்கு தீந்துச்சு," என்றேன். "உன்னுது இன்னும் கீது. நீ போய்ட்டு வா."