ஆயிரமாவது துண்டு

பொங்கலுக்கு வந்த விமல், சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே ஆயிரம் அட்டைத் துண்டுகள். கோத்துச் சேர்த்தால் யானையோ மலையோ வரும் சாதாரண பசில் இல்லை அது. முழுசாகச் சேர்த்தாலும் வெறும் வெள்ளைதான் வரும். ரிட்டயர் ஆன மனுசன் வீட்டில் சும்மா இருந்து அம்மா உயிரை வாங்குகிறாரே என்று நல்ல எண்ணத்தில்தான் மகன் வாங்கி வந்தான். அந்த நல்ல எண்ணத்தை நினைத்து அழகுத்தாய் பின்னால் எத்தனையோ முறை பல்லைக் கடித்தாள்.

அவள் புருசன் வைகுண்டராஜ் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் மாஸ்டராக இருந்தவர். சாப்பாட்டு மேசைமேல் பிளைவுட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். துண்டு பறந்துவிடுமாம், சித்திரை வெயிலிலும் ஃபேன் கிடையாது. சாப்பாடு அடுப்படித் தரைக்குப் போனது. ஒரே ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எது தலை, எது கால் என்று அதில் தெரிந்தால்தானே? பொருந்துவது போலப் பொருந்தி, பக்கத்துத் துண்டு வந்ததும் பல்லை இளிக்கும். தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "மாஸ்டரைத் தவிர வேற எவனாலயும் ஏலாதுய்யா" என்று ஏத்திவிட்டுப் போனார்கள்.

அழகுத்தாயின் கவலை வேறு. மகள் மாரிசெல்வி மூன்று வருசத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிறான். பஸ் ஏறினால் காபி ஆறுவதற்குள் போய்விடுகிற ஊர். வைகுண்டராஜுக்கு மட்டும் அது வேறு தேசம். வீட்டுக்கு ஒரு போன் போதும் என்று அதைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மகள் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். தாயும் மகளும் பக்கத்து வீட்டுப் போனில்தான் பேசிக்கொண்டார்கள்.

"அப்பா என்னைய கேட்டாராம்மா?" என்பாள் மகள்.

"கேக்காம இருப்பாகளா" என்று தாய் ஒவ்வொரு தடவையும் கூசாமல் பொய் சொல்லுவாள்.

அந்த மகள் இப்போது முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாசம் வளைகாப்பு. பெற்றவர்கள் வளையலும் கட்டுச்சோறும் கொண்டுபோய், வளையல் அடுக்கி, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தகப்பன் வந்து கூப்பிடாமல் மானமுள்ள மகள் படியேறுவாளா? புருசன் காலில் விழாத குறையாக அழகுத்தாய் கெஞ்சினாள்.

"செத்த பொறுட்டி. இதை முடிச்ச கையோட போயி கூட்டிட்டு வந்துருவோம்" என்றார் அவர்.

அவள் நம்பினாள். அன்றிலிருந்து அவளும் உட்கார்ந்து, துண்டுகளைச் சுளகில் கொட்டி, காது நீண்டது தனி, குழி ஆழமானது தனி என்று பொறுக்கிக் கொடுத்தாள். கடைத்தெருவில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல் வாங்கி பீரோவில் ஒளித்து வைத்தாள்.

வளைகாப்பு வாரத்தில் பலகை முழுக்க வெள்ளையாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு பொத்தல். அந்தத் துண்டைக் காணோம்.

"ஏட்டி, இங்கன பெருக்குனியா?"

விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் அழகுத்தாய் குப்பையை மூலையில் ஒதுக்கி, விடிந்துதான் வெளியே கொட்டுவாள். கட்டிக்கொண்டு வந்த நாளாய் அப்படித்தான். முந்தின நாள் மட்டும் விருந்தாள் வந்த அவசரத்தில் விளக்கு எரிய எரியக் கொட்டிவிட்டாள்.

"பெருக்குனேங்க. வெளிய கொட்டிட்டேன்."

"அப்ப உன் விளக்கமாறுகிட்ட போயி கேளு. முடிச்ச கையோடதான் போவோம்னு சொல்லியிருக்கேன்லா."

சாக்கடையில் கையை விட்டுத் துழாவினாள். குப்பை வண்டிக்காரி கருத்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டு லட்சுமியையும் மகளின் வழியையும் சேர்த்துத் தானே வெளியே கொட்டிவிட்டதாகத் தலையில் அடித்துக்கொண்டாள். வைகுண்டராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வளைகாப்பு நாள் வந்தது, போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் மகளுக்கு ஆளுக்கொரு வளையல் போட்டுவிட்டார்களாம்.

மகளுக்கு ஒன்பதாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவர் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. மகளோ என்று ஓடிப்போய் எடுத்தாள். கடன் வேணுமா என்று எவனோ கேட்டான். போனைக் கவிழ்த்து வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஊரில் எல்லோரையும் போல அவரும் போனின் பின்கவருக்குள் கோயில் குங்குமப் பொட்டலம் வைத்திருந்தார். அதற்கு அடியில் வெள்ளையாக ஒரு நுனி. கவரைப் பிதுக்கி எடுத்து, மேசைக்குப் போய் அந்தப் பொத்தலில் வைத்துப் பார்த்தாள். அச்சாக உட்கார்ந்தது.

பாவி மனுசன். அவள் சாக்கடையைத் துழாவியபோதும் இது அவர் நெஞ்சுக்கு மேலேதான் இருந்திருக்கிறது. மகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். அழகுத்தாய் துண்டைப் பெயர்த்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வளையல் பெட்டியை எடுத்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே தெருவில் இறங்கிவிட்டாள்.

மாரிசெல்வி கதவைத் திறந்ததும் தாயின் தோளுக்குப் பின்னால்தான் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

வளையலைப் போட உட்கார்ந்தார்கள். மகளின் கை வீங்கியிருந்தது. சோப்பு போட்டும் விரல் முட்டியைத் தாண்டவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் முதல் வளையல் உடைந்து தரையில் சிதறியது.

"விடும்மா. ஏழாம் மாசம்னா ஏறியிருக்கும்."

அப்போது மகளின் போன் அடித்தது. திரையில் 'அப்பா' என்று வந்தது. மாரிசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள். "அப்பாம்மா! அப்பா கூப்பிடுதாரு!" என்றவள், போனைக் காதில் வைத்து "அப்பா..." என்றாள். முகம் சுண்டிப்போயிற்று. "உன்கிட்ட குடுக்கச் சொல்லுதாரு" என்று நீட்டினாள்.

"ஏட்டி, என் போன் கவருக்குள்ள ஒண்ணு வச்சிருந்தேனே?"

"என்ன வச்சிருந்தீக?"

எப்படிச் சொல்லுவார்? "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டார்.

"என்னைய ஏதும் கேட்டாராம்மா?"

இத்தனை நாள் கூசாமல் வந்த பொய் இன்று அழகுத்தாய்க்கு வரவில்லை.

"இல்லட்டி. கேக்கல."

எழுந்துபோய் விளக்கமாறு எடுத்துவந்து வளையல் துண்டுகளைப் பெருக்கி முறத்தில் அள்ளினாள். இடுப்பிலிருந்த வெள்ளைத் துண்டையும் எடுத்து அதன் மேல் போட்டாள்.

"விளக்கு வச்சாச்சும்மா. மூலையில ஒதுக்கிரு, காலையில கொட்டிக்கிடலாம்" என்றாள் மகள்.

அழகுத்தாய் முறத்தோடு தெருவுக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தாள்.