அட்டவணைப்படி செத்தவர்

ஆல்டன்பரி மியூச்சுவல் இன்சூரன்ஸ் கம்பெனியின் நூற்றைம்பது வருஷ வரலாற்றை எழுதியவள் நான்தான். அட்டையில் என் பெயர் இருக்காது. துணைத் தலைவர் கார்பர்ட்டின் பெயர்தான் தங்க எழுத்தில் மின்னும். அந்த மகானுபாவர் எழுதியதெல்லாம் ஓரத்தில் 'இந்த வழக்கு வேண்டாம்', 'இவர் ஜெயிலுக்குப் போனதை எடுத்துவிடவும்' என்ற குறிப்புகள் மட்டுமே. ஹார்ட்ஃபோர்டில் இருபத்தெட்டு வருஷமாகக் கம்பெனிப் பத்திரிகை நடத்துகிறவள் நான். என்ன பொய் கேட்டாலும் பிழையில்லாமல் எழுதித் தருவேன்.

வரலாறாம், வரலாறு! 1848-ல் ஒரு பாதிரியாரும் ஒரு வக்கீலும் குதிரைச் சேணம் தைக்கிற ஒருவரும் கூடி உட்கார்ந்து, நம்மில் யார் செத்தாலும் மற்றவர்கள் சேர்ந்து அவன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தது. முதலாளி கிடையாது. பாலிசி எடுத்தவர்கள்தான் கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. இதைக் காலண்டரிலும் பேனாவிலும் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தோம். ஆனால் சொந்தக்காரர் யாரும் நிஜமாகவே வந்து நின்றுவிடக் கூடாதே! அதனால் வருஷாந்தரக் கூட்டத்தை மார்ச் மாதப் பனியில், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வைத்தோம். அறையில் மொத்தம் பன்னிரண்டு நாற்காலி போடுவோம்.

இந்த 1998-ல் அந்த ஏற்பாட்டையே கலைத்துவிட்டுப் பங்குச் சந்தைக்குப் போகிறார்களாம். பாலிசிக்காரர்களுக்குப் பங்கைக் கிள்ளிக் கொடுப்பார்கள், மேலே இருப்பவர்கள் அள்ளிக்கொள்வார்கள். ஏப்ரல் பதினாலாம் தேதி அதற்கு ஓட்டெடுப்பு. அதற்குள் ஊர் மெச்ச ஒரு வரலாறு தேவைப்பட்டது.

"கடைசிப் பக்கத்துக்கு ஒரு கிழவர் வேணும், விவியன்," என்றார் கார்பர்ட். "நம்ம பாலிசிதாரர்ல ரொம்ப வயசானவரா பாரு. படத்தைப் பார்த்தா ஜனங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும்."

தேடினால் வந்து விழுந்தது ஒனேசிம் தெரியோவின் பெயர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக ஒரு கூட்டம் விடாமல் வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு இயக்குநரின் சம்பளத்தையும் கேட்டுத் தொலைக்கிற ஒரே மனுஷன் அவர்தான். "முதலாளி வந்துட்டாருப்பா" என்று இயக்குநர்கள் முதுகுக்குப் பின்னால் எகத்தாளம் செய்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பார்க்வில்லில் அவருடைய மாடி வீட்டுக்குப் போனேன். டைப்ரைட்டர் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். மகள் லூசில் எனக்கும் ஒரு கிண்ணம் பட்டாணி சூப் வைத்தாள். கிழவர் கையில் கம்பெனி விதிமுறைப் புத்தகம், ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"ஃபோட்டோ எடுத்துக்கம்மா, வேணாம்னு சொல்லல. ஆனா பதினாலாம் தேதி நான் எழுந்து நின்னு 'முடியாது'ன்னு சொல்லப் போறேன். அதையும் உன் புத்தகத்துல போடுவியா?"

"பங்கு தர்றாங்களே, பெரியவரே. வேண்டாமா?"

"எனக்கு எதுக்குடியம்மா பங்கு? இருபத்தேழாம் வருஷத்துல பாலிசிக்குக் கையெழுத்து வாங்கினப்போ ஏஜெண்டு சொன்னான், 'ஒனேசிம், ஃபாக்டரியில நீ வேலைக்காரன், இங்க நீ முதலாளி'ன்னு. பிரெஞ்சு பேசறவன்னு ஃபோர்மேன் என்னைத் தவளைன்னு கேலியா கூப்பிட்ட காலம் அது. அந்த ஒரு வார்த்தைய நெஞ்சுல வச்சுக்கிட்டுதான் நாற்பது வருஷம் ஓட்டினேன். என்னைக் கேக்காம என் கம்பெனிய விக்க இவனுங்க யாரு? தோத்தாலும் பரவாயில்ல. என் ஓட்டு அதுல விழணும்."

"தொண்டை கட்டிக்கும்ப்பா, கத்தாதீங்க," என்றாள் லூசில்.

அதற்குப் பிறகு நான் செய்த முட்டாள்தனம் இருக்கிறதே! படத்துக்குக் கீழே வயதைச் சரியாகப் போட வேண்டுமே என்று அவருடைய கோப்பை ஆயுள் கணக்குப் போடுகிற பிரிவுக்கு அனுப்பிவைத்தேன். யார் கேட்டார்கள் என்னை?

மறுநாள் அங்கிருந்து ஒரு பொடியன் போன் செய்தான். "மேடம், இவரு ஒன்பதாம் தேதி செத்துடறாரே!"

அவருக்கு அன்றுதான் தொண்ணூற்றாறு முடிகிறது. பாலிசி போட்ட காலத்து மரண அட்டவணை ஒன்று உண்டு. பத்து வயதில் ஒரு லட்சம் பேரை வைத்துத் தொடங்கும், தொண்ணூற்றைந்தில் மூன்று பேரை மிச்சம் வைக்கும், தொண்ணூற்றாறில் ஒருத்தரையும் வைக்காது. அந்த வயதைத் தொட்டவர் கணக்குப்படி செத்தவர். முழுத் தொகையையும் கொடுத்துப் பாலிசியை மூடிவிடுவார்கள். பாலிசி போனால் உறுப்பினர் இல்லை, ஓட்டும் இல்லை.

கார்பர்ட்டுக்கு வாயெல்லாம் பல். "விதின்னா விதிதானே விவியன்? நாம என்ன பண்றது? படம் மட்டும் இருக்கட்டும், நல்லா விழுந்திருக்கு."

வெட்கங்கெட்ட ஜென்மம்! அதோடும் விடவில்லை. எங்கள் கம்ப்யூட்டருக்கு இந்த மாதிரிப் பாலிசியை மூட ஒரே ஒரு வழிதான் தெரியும். பத்தாம் தேதி லூசில் போன் செய்தாள்.

"உங்க கம்பெனி எனக்குக் கடிதம் போட்டிருக்கு. 'தங்கள் தந்தையின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்'னு. கூடவே ஆயிரம் டாலர் செக். அப்பா இங்க உக்காந்து சூப்புல உப்பு பத்தலன்னு திட்டிட்டிருக்கார். அவருக்கு என்னன்னு படிச்சுக் காட்டுறது?"

நான் ஏதோ உளறி வைத்தேன். தப்பு நடந்துவிட்டது, விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை.

பதினாலாம் தேதி கூட்ட அரங்கின் வாசலில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு வரலாற்றுப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மகளின் தோளைப் பிடித்தபடி கிழவர் வந்தார். கோட்டு, டை, பளபளக்கிற ஷூ. காவலாளி பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"உங்க பேரு இல்லையே, தாத்தா."

"இருக்காது. நான் செத்துட்டேன்," என்று அனுதாபக் கடிதத்தை எடுத்து நீட்டினார். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். கார்பர்ட் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, காவலாளிக்குத் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே விடாதே என்று அர்த்தம்.

கிழவர் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக என் மேஜைக்கு வந்தார்.

"நீயும் பாலிசிக்காரிதானே?"

"ஆமாம்."

"உன் சார்பா நான் ஓட்டுப் போடலாம்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடு. விதி பதினொண்ணு. யாரை வேணும்னாலும் அனுப்பலாம், செத்தவனைக்கூட."

"நான் போன மாசமே தபால்ல அனுப்பிட்டேன், பெரியவரே."

"என்னன்னு போட்ட?"

தீர்மானம் ஜெயித்தால் எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பங்கு. வீட்டுக் கூரை ஒழுகுகிறது. இதையெல்லாம் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மேஜை மேலிருந்த புத்தகங்களை நேராக அடுக்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவரோ புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னார். "விதி பன்னிரண்டு. ஆளே நேரா வந்து நின்னா தபால் ஓட்டு செல்லாது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. போய் மாத்திப் போடு."

நான் கார்பர்ட் நின்ற பக்கம் பார்த்தேன். அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வூதியத்துக்கு எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

"போ," என்றார் கிழவர். "என்னால முடியாது, நான் செத்தவன். நீ உயிரோடதானே இருக்க?"

வரிசையில் அடுத்து நின்ற அம்மாள் கையை நீட்டினாள். நான் ஒரு புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அதற்கடுத்தவருக்கும் கொடுத்தேன். எட்டு மணிக்குக் கதவைச் சாத்தும் வரை கொடுத்துக்கொண்டே இருந்தேன்.