சொந்த வீட்டு விருந்தாளி

கைப்பைக்குள் சாவி இருந்தும் சிவதர்ஷினி தன் வீட்டு வாசலில் நின்று அழைப்புமணியை அழுத்தினாள். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடப் போகிறாரே என்று கால் மாற்றி மாற்றி நின்றாள்.

எல்லாம் சமூகவியல் செய்த வேலை. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சமூகக் கல்லூரியில் மாலை வகுப்பு. முப்பத்தேழு வயதில் மறுபடி மாணவி. அவளுடைய முதல் கட்டுரையை, “புத்தகம் பேசுகிறது, மனிதர்களைக் காணோம்” என்று சொல்லி ஆசிரியை நஸீஹா திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவதும் அப்படிப் போனால் இந்தப் பாடத்தில் தேற முடியாது. அந்த இரண்டாவதுதான் இது. ஒரு பகல் முழுக்க சொந்த வீட்டில் விருந்தாளியாக இருக்க வேண்டும். ஏன் என்று சொல்லக்கூடாது. நடப்பதைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு வீட்டின் எழுதாத சட்டங்கள், அவற்றை மீறும்போதுதான் கண்ணில் படும் என்பது நஸீஹாவின் பேச்சு.

“நான் இப்படிச் செஞ்சா என் மாமியார் மந்திரவாதி போமோவக் கூட்டிட்டு வந்து மந்திரிச்சிடுவாங்க லா,” என்று வகுப்பில் பக்கத்து இருக்கை மைமூன் சிரித்தாள்.

தர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் கஜன் சில நாட்களாகச் சரியாகப் பேசுவதில்லை. படிப்பை நிறுத்து என்று சொல்லத்தான் நேரம் பார்க்கிறானோ என்று அவளுக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் மகள் ஆரபி செம்பவாங்கில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் வாய்க்காது.

கதவைத் திறந்தான் கஜன். “சாவிய விட்டுட்டுப் போயிட்டியா?”

“இல்ல. உள்ள வரலாமா?”

“விளையாடாத லா.”

“செருப்ப எங்க விடணும்?”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழிவிட்டான். அவள் சோபாவின் நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

“ஃபிரிட்ஜ்லதான இருக்கு.”

“நீங்க எடுத்துக் கொடுத்தா நல்லா இருக்கும்.”

பாலிடெக்னிக் நாள் முதல் அவனை ‘வாடா போடா’ என்றே கூப்பிட்டவள். அந்த ‘நீங்க’வைக் கேட்டதும் அவன் தொலைக்காட்சியை அணைத்தான். தண்ணீர் வந்தது, குவளைக்கு அடியில் தட்டோடு.

இதை மனதில் குறித்துக்கொள்ளும்போதே அவள் கண் ஜன்னலுக்குப் போனது. சுவா சூ காங் பக்கத்து வானம் கறுத்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில் துணி காய்ந்தது. நாளைக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு வேலைக்குக் கஜன் போட்டுக்கொண்டு போக வேண்டிய சீருடையும் அதில்தான். விருந்தாளி எழுந்து போய்த் துணி எடுக்க முடியுமா? அவள் கால்விரல்கள் தரையைப் பிறாண்டின. அவனோ ஜன்னல் பக்கமே திரும்பாமல் சமையலறைக்குள் போய்விட்டான்.

உள்ளே பாத்திரங்கள் உருண்டன. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியாமல் தேடுகிறான். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணாடி அலமாரியைத் திறந்தான். கல்யாணத்துக்கு வந்த தங்க விளிம்புத் தட்டுகள் அங்கேதான் இருந்தன. வெளி ஆட்கள் வந்தால் மட்டும் வெளியே வருபவை. அதில் சோறும் மீன்குழம்பும் போட்டு, மேசையில் வைத்தான்.

“கூச்சப்படாம சாப்பிடுங்க,” என்றான்.

அவனும் விளையாட்டில் சேர்ந்துவிட்டான் என்று நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் விளையாட்டே இல்லை.

“புதன்கிழமை நான் சொன்னதுக்குத்தான இதெல்லாம்?”

“என்ன சொன்னே?”

“ஹோட்டல்ல ரூம் எடுத்த மாதிரி வர்ற, போற. வீட்டுக்கே விருந்தாளி ஆயிட்டன்னு. நீ திரும்பிக்கூடப் பாக்காம லிஃப்டுக்குப் போயிட்ட. அன்னையிலேர்ந்து உங்கிட்ட எப்படிப் பேசறதுன்னே தெரியல.”

புதன்கிழமை வகுப்புக்கு ஓடும்போது அவள் காதில் நஸீஹாவின் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பேசியதே அவளுக்குத் தெரியாது.

“கஜன், எனக்கு எதுவும் கேக்கல. காதுல இயர்ஃபோன்டா. இது ஹோம்வொர்க். ஒரு பகல் முழுக்க வீட்டுல விருந்தாளியா இருந்து, நடக்கறத எழுதணும்.”

அவன் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தான். கோபம் இப்போதுதான் வந்தது.

“என்னை வெச்சா? அப்ப நான் இப்பச் சொன்னதையும் எழுதுவ.”

நஸீஹா கேட்ட மனிதர்கள் இந்த மேசையில்தான் இருந்தார்கள். இதைவிட நல்ல கட்டுரை கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்ததே வெட்கமாகவும் இருந்தது.

“எழுத மாட்டேன்,” என்றாள். “ஃபெயில் ஆனா ஆகட்டும்.”

“அப்புறம் என்னாலதான் ஃபெயில்னு காலம் பூரா சொல்லுவ.”

அப்போது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு ஓடினார்கள். கழியை அவள் இழுக்க, மறுமுனையை அவன் பிடிக்க, சீருடை சொட்டச் சொட்ட உள்ளே வந்தது.

“நீ அப்பவே பாத்தியா?”

“வந்து உக்காந்ததுலேர்ந்து.”

“பாத்துட்டு சும்மா உக்காந்திருந்தே. என்ன படிப்பு லா இது.” சட்டையைப் பிழிந்தான். தரையெல்லாம் தண்ணீர். “படிப்ப விடச் சொல்லல. போகும்போது, போயிட்டு வர்றேன்னு முகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போ. அது போதும்.”

இந்த வீட்டில் அப்படி ஒரு சட்டம் இருந்தது அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. தலையாட்டினாள்.

“எழுதிக்கோ,” என்றான் அவன், சட்டையை உதறியபடி. “நான் அழுதேன்னு மட்டும் எழுதாத.”

“நீ அழலயே.”

“அதான் சொல்றேன்.”

சாப்பிட்டு முடித்ததும் அவள் தட்டை எடுத்துக் கழுவப் போனாள். அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

“உக்காருங்க. பகல் இன்னும் முடியல.”

உட்கார்ந்தாள். ஈரத் தரையைத் துடைக்கக் கை பரபரத்துக்கொண்டே இருந்தது.