றோசமலர் ஏறிய கோர்வெட்

அலோசியஸ் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். தங்கச்சி றோசமலரைக் கல்யாணத்தன்று சிவப்புக் கோர்வெட்டில் வேதக் கோயிலுக்குக் கொண்டுபோவதாகப் பங்குச் சனம் முழுவதற்கும் சொல்லிவைத்தான். கார் அவனுடையதல்ல, இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா அரங்கப் பக்கத்துப் பல் வைத்தியருடையது. அவர் வீட்டில்தான் அவனுக்கு வேலை. கூரை திறக்கும் அந்த அமெரிக்கக் காரைக் கழுவுவதும் மொண்டெல்லோக் கடற்கரைக்கு ஓட்டிப்போவதும் அவனே.

பெருமைக்காக மட்டும் அவன் காரைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீரென் மொரீசியஸ்காரன், சைவ சமயத்தவன், தமிழ் பேசத் தெரியாதவன். அலோசியசுக்கு இந்தச் சம்பந்தம் தொண்டையால் இறங்கவில்லை. மாதக்கணக்கில் தங்கச்சியோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. பலேர்மோவில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அவன்தான். கைபிடித்துப் பீடத்தடிக்குக் கூட்டிப்போக வேறு ஆளில்லை.

"கோயில் வாசல்மட்டும் கொண்டுவந்து விடுவன். போர்கோ வெக்கியோச் சந்தைக்குள்ளை திறந்த காரை விட்டிட்டு ஆர் உள்ளை வருவினம்?" என்று சொல்லிவிட்டான். நல்ல சாட்டுத்தான்.

கல்யாணக் காலையில் தோழி யூலியானா பூங்கொத்தோடு வந்து நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. காரில் இரண்டே இருக்கை. துடைத்துத் துடைத்து ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். மணமகளும் தோழியும் ஒன்றாக வருவதுதான் எங்கள் வழக்கம். அதற்கு இடம் இருக்குமா என்று யார் எண்ணிப் பார்ப்பார்கள்? வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வருவாள் என்று யூலியானாவின் வாயை நம்பித்தான் அவன் தன் வாயை மூடிக்கொண்டு போகலாம் என்றிருந்தான். அவள் முறைத்துக்கொண்டு வேறொரு காரில் போனாள்.

நீண்ட மூக்கு, குட்டை முதுகு, முன்னூறு குதிரை வலு. அதை அலோசியஸ் மாட்டுவண்டி மாதிரி உருட்டினான். அந்தக் காருக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாக மிதித்தால் இரண்டாம் கியரைத் தராது. பெற்றோலை மிச்சம் பிடிக்க, ஒன்றிலிருந்து நேரே நாலுக்குத் தள்ளிவிடும். நாலில் விழுந்த கார் முனகிக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் ஹோர்ன்கள் அலறின.

"என்னண்ணா, பழுதோ?"

"பழுதில்லை. அழுத்தி மிதிச்சால்தான் ரெண்டு விழும். உன்ரை தலை நெற் பறந்திடும் எண்டு பாக்கிறன்."

"நெற்றை நான் பிடிக்கிறன். நீங்கள் மிதியுங்கோ."

மிதித்தான். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. அவள் கையிலிருந்து நெற் நழுவித் தலைக்கு மேலே எழும்பியது. அவள் கத்திக்கொண்டே சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தச் சிரிப்பைக் கேட்காமல் இத்தனை நாள் எப்படி இருந்தேன் என்று நெஞ்சு நொந்தது.

கோயில் வாசலில் புதுச் சிக்கல். இருக்கை பள்ளத்தில், கதவைத் திறந்தால் காலைத் தடுக்க உயரமும் அகலமுமாக ஒரு விளிம்பு. ஏறும்போது நாலு பெண்கள் தூக்கிவைத்தார்கள். இப்போது சீலை கட்டிய மணமகளால் அதைத் தாண்ட முடியவில்லை. அவன் ஒரு கையைப் பிடித்து இழுத்தான். கொசுவம் கலைந்ததே தவிர அவள் எழும்பவில்லை. யூலியானாவின் கார் இன்னும் வரவில்லை. படியில் வீரென் வேர்த்து வடிய நின்றான், கிட்ட வரலாமா என்று தெரியாமல்.

அலோசியசுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வீரென்," என்று முதன்முதலாகப் பெயர் சொல்லி, இத்தாலியனில் கூப்பிட்டான். "வா, மற்றக் கையைப் பிடி."

இருவருமாகத் தூக்கி அவளை நிலத்தில் நிறுத்தினார்கள். வீரென் பிடித்த கையை விடவில்லை. அலோசியஸ் மெல்ல விடப்போனான். றோசமலர் அவன் விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

"கார் திறந்து கிடக்குதடி."

"கிடக்கட்டும், அண்ணா."

சந்தைச் சனம் காரைச் சூழ்ந்துவிட்டது. ஒருவன் பொனற்றில் சாய்ந்தும் விட்டான். அலோசியஸ் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தங்கச்சியின் கையோடு படியேறினான்.