பார்க்காமல் எழுதிய மஞ்சள்

ஆய்வகத்தில் உயிர்ச்செல்களை வளர்க்கும் செல் அறையில் வேலை செய்யும் பெண் வந்து மன்னிப்புக் கேட்டபோதுதான் அவளுக்கு முதன்முதலாகத் தன் மேலேயே சந்தேகம் தட்டியது.

“அக்கா, நீங்க செஞ்சு குடுத்ததையெல்லாம் நாலு மாசமா வீணாக்கிட்டேன். மன்னிச்சிடுங்க.”

“அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல. விடும்மா” என்று பெரிய மனுஷியாட்டம் சொல்லி அனுப்பினாள். அந்தப் பெண் அவள் கொடுத்ததைப் பதினோரு தடவை செல்களில் சேர்த்துப் பார்த்தும் ஒரு மாற்றமும் இல்லை. அந்தப் பெண்ணின் கை சரியில்லை என்று ஆய்வகத்துத் தலைவரான பெரியவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இன்று மூன்று மணிக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். அநேகமாகச் சீட்டுக் கிழிந்துவிடும்.

செல்களில் சேர்க்கும் பெப்டைடு என்ற குட்டிப் புரதச் சங்கிலியைச் செய்வது இவள். நுண்ணிய பிசின் மணிகளின் மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கும் வேலை. பதினாறு வருடப் பழக்கம். கோத்து முடித்ததும் சங்கிலியின் திறந்த முனையை அசெட்டைல் போட்டு மூட வேண்டும். இந்தப் பெப்டைடை மூடாமல் விட்டால் நொதிகள் அந்த முனையிலிருந்தே கடித்துத் தின்றுவிடும். மூடியதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. நாலு மணிகளில் நின்ஹைட்ரின் சொட்டு விட்டுச் சூடாக்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் மூடியாயிற்று, நீலமானால் இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னால், இதைச் செய்த அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. வாசலில் கணவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும், லேட்டானால் ஒரு வாரத்துக்குப் பேச்சு வாங்க வேண்டும். நான் செய்து மூடாமல் போகுமா என்ற திமிர் வேறு. நோட்டில் ‘மஞ்சள்’ என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டாள். மூலக்கூறின் எடையை வைத்து முனை மூடியதா என்று காட்டிக்கொடுக்கும் இயந்திரமும் அந்த மாதம் பழுது. அவள் எழுதிய ஒற்றைச் சொல்லை நம்பித்தான் எல்லாம் நடந்தது.

அந்தப் பெண் போனதும் ஃப்ரீசரைத் திறந்தாள், அன்றைய மணிகள் ஒரு சிட்டிகை மிச்சமிருந்தன. எடுத்துச் சோதித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மை கொட்டியதுபோல் நீலம். முனையை மூடும் அசெட்டைல் மருந்துப் பாட்டிலைத் திருப்பினாள். காலாவதியாகி ஒரு வருடம். சீ, நீயெல்லாம் ஒரு அக்கா! அவமானத்தில் காது மடல் சுட்டது. கழுவி ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு கணம் தோன்றியதே, அதுதான் அவளை இன்னும் கூசவைத்தது.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செல் அறைக் கதவைத் தள்ளினாள்.

“உன் மேல தப்பில்லம்மா. முனை மூடவேயில்ல. நான் சோதிக்காமலே மஞ்சள்னு எழுதிட்டேன். பெரியவர்கிட்ட நானே சொல்றேன்.”

அந்தப் பெண் கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவளோ மெதுவாகக் கையுறைகளைக் கழற்றினாள்.

“பெரியவர் அப்படிச் சொன்னதுலேருந்து கை நடுங்குதுன்னு போன வாரம் டாக்டர்கிட்ட காட்டினேன்க்கா. ஒண்ணுமில்லன்னாரு. நான் நம்பல. அவருக்குத் தெரியலன்னு நெனச்சேன்.”

இரண்டு கைகளையும் விளக்கின் கீழே நீட்டினாள். கையுறைப் பவுடர் ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். யாரோ தொலைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றாள்.