பகல் குறைந்த மாதம்

பெட்டைக்குதிரை காதுகளைப் பின்னால் மடித்து, வாலைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு நின்றது. பின்னங்கால்களில் கட்டு. முதலாளி அதை அடக்க மேலுதட்டில் கயிற்றைச் சுற்றித் தடியால் முறுக்கிக்கொண்டிருந்தார். தலைக்கயிறு அவர் மனைவியின் கையில்.

"வேணாம் முதலாளி," என்றார் குதிரைக்காரர். பதினெட்டு வருடமாக அந்த லாயத்தில் குதிரைகளை இணைசேர்த்துப் பொலிக்கு விடுபவர் அவர்தான். "பசுமாடுன்னா வருஷம் முழுக்க மூணு வாரத்துக்கு ஒருதரம் பருவத்துக்கு வரும். குதிரைக்கு அப்படியில்ல. பகல் குறுகிடுச்சுன்னா அடங்கிடும். மறுபடி பகல் நீளணும். இப்ப ஆண்குதிரைய விட்டா இது உதைச்சுக் கொன்னே போட்டுரும்."

"எங்க வீட்டுல மாசாமாசம் தவறாம வருது. இதுக்கு மட்டும் என்ன கேடு?" முதலாளி தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அவள் நிமிரவில்லை. முந்தாநாள்தான் வந்திருந்தது. கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. வந்தது தெரிந்த அன்று அடி விழும். இந்த முறை இடது காதில். ஒருதரம் மூன்று நாள் மறைத்துப் பார்த்தாள். துணி கண்ணில் பட்டதும் மறைத்ததற்கும் சேர்த்து வாங்கினாள். இந்த வாயில்லா ஜீவனுக்காவது வருடத்தில் பாதி நாள் உடம்பு தன்பாட்டுக்குக் கிடக்கிறது என்று நினைத்தபோது, பொறாமையா ஆத்திரமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"ஆணைக் கொண்டாய்யா!"

குதிரைக்காரர் வாய்க்குள் ஏதோ முனகியபடி பொலிகுதிரையை நடத்திவந்தார். அது முன்னங்கால்களைத் தூக்கியதும் பெட்டை கிறீச்சிட்டது. உதட்டுக் கயிற்றுக்கடியில் ரத்தம் கசிந்தது.

"இறுக்கிப் பிடிடீ!"

அவள் தலைக்கயிற்றைக் கைநழுவ விட்டாள்.

பெட்டை தலையை ஒரு வெட்டு வெட்டியது. முறுக்குத் தடி எகிறிப் போய் முதலாளியின் வாயில் அடித்தது. சுழன்று திரும்பிய வேகத்தில் கால்கட்டு அறுந்தது. முதல் உதை பொலிகுதிரையின் மார்பில். அடுத்தது முதலாளியின் தொடையில். காய்ந்த விறகை முறித்தாற்போல எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவர் மண்ணில் புரண்டு பல்லும் ரத்தமுமாகத் துப்பினார்.

"ஏன்டி விட்ட? வேணும்னே விட்டியாடி?"



"கயிறு வழுக்கிடுச்சு முதலாளி. நான் பாத்துட்டுதான இருந்தேன்," என்றார் குதிரைக்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல். "அம்மா, நீங்க வெளிய போங்க. நான் வண்டிக்குச் சொல்லிட்டு வந்துடறேன்." துள்ளிய பொலிகுதிரையை இழுத்துக்கொண்டு ஓடினார்.

அவள் போகவில்லை. பெட்டை இன்னும் ஓயவில்லை. பலகைச் சுவரை மாறிமாறி உதைத்துக்கொண்டே இருந்தது. சிராய்கள் பறந்து அவள் சேலையில் விழுந்தன. குளம்புகள் எட்டும் தூரத்திலேயே, ஒரு அடிகூட விலகாமல், அவள் நின்றாள்.