அறிவித்தலில் ஒரு பெயர்

"பிள்ளைகள்ட பேரைச் சொல்லுங்க," என்றார் பள்ளிவாசல் செயலாளர் சாலிஹ் ஹாஜியார், எழுதும் கொப்பியை முழங்காலில் வைத்தபடி. "பத்து மணிக்கு ஸ்பீக்கர்ல அறிவிக்கணும். அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

பஸ்லா வாய் திறக்குமுன் தொலைபேசி அடித்தது. ஜப்பானிலிருந்து அவள் அண்ணன், றம்ஸீன் நானா. வாப்பா மௌத்தான செய்தியை விடியற்காலையில் அனுப்பியிருந்தாள்.

"எயார்போட்டுக்கு வெளிக்கிட்டேன். வழியில பூமி ஆடிட்டு. சுனாமி வோனிங். ரயிலெல்லாம் நிப்பாட்டிட்டாங்க. மலைக்கு மேல ஒரு ஸ்கூல்ல நிக்கிறேன்."

அவனுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"பயமா நானா?"

"இல்ல. கடலுக்கு அடியிலயும் மெஷின் வெச்சிருக்காங்க. மூணே நிமிஷத்துல சொல்லிட்டாங்க. நீதான் மூணு மாசமா வாப்பா வருத்தமாப் படுத்துக் கிடக்கிறதைச் சொல்லல்ல."

"வாப்பா சொல்ல விடல்ல."

ஜப்பான் பிரஜையானபோது நானா மனைவியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டான். அங்கே கணவன் மனைவிக்கு ஒரே குடும்பப் பெயர்தான். அந்தப் பெயருக்கு வயல் நடு என்று அர்த்தமாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டுமென்று அரசாங்கம் கட்டளை போட, குடியானவர்கள் பலர் சுற்றிலும் கண்ட வயலையும் மலையையும் பெயராக்கினார்கள் என்று வாப்பாவுக்குப் போனில் விளக்கினான்.

"அப்ப நீ எந்த வயல்ல நின்டுக்கிட்டு வெச்ச?" என்று கேட்டு வாப்பா போனை வைத்துவிட்டார். போன கிழமை உம்மாவின் முன்னாலேயே பஸ்லாவிடம் சொன்னார்: "தகப்பன்ட பேரைக் கழட்டினவன்ட பேரு என்ட மௌத்து அறிவித்தல்ல வரக் கூடாது."

"எனக்கு வரக் கிடைக்காது," என்றான் நானா இப்போது போனில். "அறிவிக்கக்குள்ள போனை ஜன்னல்ட்ட பிடி. கேட்டுக்கிட்டாவது நிக்கிறேன்."

ஹாஜியாரின் பேனை காத்திருந்தது. வாப்பாவின் மையித்தின் தலைமாட்டில் உம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க ஹாஜியார். றம்ஸீன், பஸ்லா," என்றாள் பஸ்லா.

"ஜப்பான் பேரும் போடணுமா?"

"இங்க யாருக்கு ரெண்டு பேரு சொல்றீங்க?"

பத்து மணிக்கு ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே தொலைபேசியை நீட்டினாள். மூன்று மாதம் வாப்பாவைத் தூக்கிக் கிடத்திய கைதான் அது.

"...அப்துல் ஸமத் அவர்கள் காலமானார்கள். அன்னார் நூருன்னிஸாவின் அன்புக் கணவரும், றம்ஸீன், பஸ்லா ஆகியோரின் தந்தையுமாவார்..."

போனில் அந்த ஜப்பான்காரியின் குரல் மட்டும் கேட்டது.

பஸ்லாவின் கை தாழ்ந்தது. உம்மா எழுந்து வந்தாள். போனைப் பிடுங்கப் போகிறாளென்று பஸ்லா ஒதுங்கினாள்.

உம்மா அவள் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள்.

"இன்னொருக்கா சொல்லுவாங்க," என்றாள். "பிடி."